புரையேறினா யாரோ நினைக்கிறாங்களா? பக்கவாதம் வந்தவருக்கு தண்ணீர் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

சாப்பிடும்போது புரையேறினால் 'யாரோ நினைக்கிறாங்க' என்று தலையில் தட்டிவிட்டு அடுத்த வாய் ஊட்டுவது நம்ம வீட்டு வழக்கம். ஆனால் பக்கவாதம் வந்த அப்பாவுக்கோ, பார்க்கின்சன் நோய் உள்ள பாட்டிக்கோ தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறினால் அப்படி விட்டுவிடக் கூடாது. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்பதற்கான எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

தண்ணீரில் என்ன ஆபத்து?

'சோறு இறங்கலைன்னா தண்ணியாவது குடிக்கட்டும்' என்றுதான் நினைப்போம். உண்மையில், விழுங்குவதில் சிரமம் உள்ள பலருக்கு தண்ணீர்தான் பெரிய சவால். நாம் விழுங்கும் நொடியில் மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ளும். நரம்பு பாதிப்பால் இது சற்று தாமதமானாலும், வேகமாக ஓடும் தண்ணீர் உள்ளே நுழைந்துவிடும். வாயில் உள்ள கிருமிகளும் சேர்ந்து நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம்.

சிலருக்கு இருமலே இல்லாமல் இது நடக்கும். குடித்த பிறகு தொண்டையில் நீர் நிற்பது போல குரல் மாறுவது, கண் கலங்குவது, அடிக்கடி காய்ச்சல், மூச்சு வாங்குவது ஆகியவற்றை கவனிக்க வேண்டும்.

எவ்வளவு கெட்டியாக இருக்கணும்?

கெட்டியான பானம் மெதுவாக நகரும் என்பதால், தொண்டை மூடிக்கொள்ள நேரம் கிடைக்கும். இதற்கு 'ஐடிடிஎஸ்ஐ' என்ற சர்வதேச அளவுகோல் உள்ளது. சாதாரண தண்ணீர் 0. அங்கிருந்து படிப்படியாக கெட்டியாகி, ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடும் பதம் 4.

யாருக்கு எந்த நிலை என்பதை டாக்டரும், விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டும்தான் முடிவு செய்யணும். எல்லோருக்கும் இது தேவைப்படாது. அளவுக்கு மீறி கெட்டியானால் தொண்டையிலேயே தங்கிவிடும்.

எப்படி தயாரிப்பது?

* டாக்டர் சொன்ன கெட்டியாக்கும் பவுடரை, அந்த டப்பாவில் இருக்கும் ஸ்பூனால் மட்டும் அளந்து போடுங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு மாறும்.
* தண்ணீரையும் குத்துமதிப்பாக ஊற்றாமல் மில்லி கணக்கில் அளங்க.
* கட்டி விழாமல் கலக்கி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருங்க. பால், ஜூஸ் கெட்டியாக இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கலாம்.
* கட்டி விழுந்தால் கொட்டிவிட்டு புதிதாகக் கலக்குங்க.

வீட்டிலேயே ஒரு சிரிஞ்ச் டெஸ்ட்

ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும். அதில் 0 முதல் 10 வரையிலான அளவுக்கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கணும். பின்பக்கத் தண்டை உருவிவிட்டு, நுனியை விரலால் மூடி, 10 மில்லி வரை பானத்தை ஊற்றுங்க. விரலை எடுத்து 10 விநாடி ஒழுகவிட்டு மீண்டும் மூடுங்க. மீதி 1 முதல் 4 மில்லி என்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8-க்கு மேல் நின்றால் நிலை 3. ஒரு சொட்டும் இறங்காவிட்டால் நிலை 4.

கஞ்சி கொடுத்தா போதாதா?

கேழ்வரகு கஞ்சி, சோளமாவு கஞ்சி எல்லாம் மாவுச்சத்தால் கெட்டியாகின்றன. ஆறினால் இறுகும், எச்சில் பட்டால் நீர்த்துவிடும். எச்சில் ஸ்பூனை திரும்பத் திரும்ப முக்கினால் டம்ளரில் உள்ளதும் நீர்த்துப் போகும். ஸ்டார்ச் பவுடருக்கும் இதே பிரச்சனை உண்டு. சாந்தன் கம் வகை பவுடரை எச்சில் அவ்வளவாக பாதிக்காது. ஐஸ்கிரீமும் ஜெல்லியும் வாயில் கரைந்து தண்ணீராகிவிடும் என்பதால் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

மலச்சிக்கலுக்கு பாலிஎதிலீன் கிளைகால் பவுடர் எடுப்பவர் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க. அது கலந்தால் ஸ்டார்ச் பவுடர் போட்ட பானம் தண்ணீராக இளகிவிடும்.

கொடுக்கும்போது கவனம்

நேராக உட்கார வைத்து, முழு விழிப்பில் இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. குடித்த பிறகு அரை மணி நேரமாவது படுக்க விடாதீங்க. தினமும் பல், நாக்கை சுத்தம் செய்யுங்க. கெட்டியான பானத்தை பலர் குறைவாகவே குடிப்பார்கள். எனவே சிறுநீர் குறைகிறதா, அடர் நிறமாகிறதா என்று பாருங்க. மூச்சுத்திணறலோ, உதடு நீலமாவதோ தெரிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். பார்க்க வரும் சொந்தக்காரங்க பாசத்தில் 'ஒரு வாய் தண்ணி குடிங்க' என்று நீட்டிவிடுவார்கள். காபி, மோர், இளநீர், மருந்து சிரப் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். டாக்டர் சொன்ன நிலை எண்ணை பெரிதாக எழுதி, கட்டில் பக்கத்து சுவரில் ஒட்டி வைத்துவிடுங்க.