கணினிக் கணக்கில் கைவைக்க முன்...

எமது வியாபாரிகளில் பலர் கணக்குக் கொப்பியை மூடிவைத்துவிட்டுக் கணினிக்கு மாறிவிட்டார்கள். கையிருப்பு, கடன் பாக்கி, காசோலைத் திகதி, விற்பனைப் பற்றுச்சீட்டு அனைத்தும் இன்று ஒரே தரவுத்தளத்துக்குள் இருக்கின்றன. கணினி பழுதானால் புதியதொன்றை வாங்கலாம். யார் எவ்வளவு தரவேண்டும் என்ற விபரம் அழிந்துபோனால் அதை எங்கும் வாங்க முடியாது.

கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் நான் பரவலாகக் காணும் குறை ஒன்றுண்டு. மென்பொருளை எழுதியவர் ஓரிடத்தில் இருப்பார், அதைப் பராமரிப்பவர் வேறிடத்தில் இருப்பார். மாற்றம் தேவைப்பட்டால் தொலைபேசியில் பேசி, வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் நேரடியாகக் கைவைப்பார்கள். என்ன மாற்றப்பட்டது என்று எங்கும் எழுதப்படுவதில்லை. பிழைத்தால் இவர் அவரைச் சொல்வார், அவர் இவரைச் சொல்வார்.

பெரிய நிறுவனங்களிலும் இந்தப் பிணக்கு இருந்தது. எழுதுபவர்களையும் பராமரிப்பவர்களையும் ஒரே பொறுப்பின் கீழ் கொண்டுவரும் முறைக்கு 'டெவொப்ஸ்' என்று பெயர். 2009 ஒக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பட்ரிக் டெபுவா என்பவர் நடத்திய மாநாட்டின் பின்னரே இப்பெயர் பரவியது. மாற்றங்களைச் சிறிது சிறிதாகச் செய்தல், செய்வதை எழுதிவைத்தல், முதலில் ஒத்திகை பார்த்தல் என்பனவே இதன் சாரம்.

தரவுத்தள விடயத்தில் இந்த ஒழுங்கு இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. புதிய மென்பொருள் சரிவரவில்லை என்றால் பழையதை மீண்டும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தரவுத்தளத்தை நேற்றைய நிலைக்குத் திருப்பினால் இன்று காலையிலிருந்து பதிந்த விற்பனையும் வரவும் சேர்ந்தே போய்விடும்.

எமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். எமது நாட்டில் வற் வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. வரி வீதத்தை ஒரேயொரு இடத்தில் வைத்திருக்கும் மென்பொருளில் அந்த எண்ணை மாற்றினால், பழைய பற்றுச்சீட்டுகளை மீண்டும் அச்சிடும்போது அவையும் புதிய வீதத்தைக் காட்டக்கூடும். சரியான வழி, ஒவ்வொரு வீதமும் எத்திகதியிலிருந்து செல்லுபடியாகும் என்பதைத் தனி அட்டவணையில் வைப்பதாகும்.

அந்த மாற்றத்தைச் செய்வதற்கும் முறையுண்டு. முதலில் தரவுத்தளத்தின் பிரதியொன்றில் செய்து, பழைய பற்றுச்சீட்டுகள் சிலவற்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாற்றக் கட்டளைகளை இலக்கமிட்ட கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஃப்ளைவே, லிகுவிபேஸ் போன்ற கருவிகள் எந்த இலக்கம் வரை மாற்றம் செய்யப்பட்டுள்ளது என்பதைத் தரவுத்தளத்திலேயே குறித்துவைக்கும். பழைய பகுதியை உடனே அழிக்கக்கூடாது. புதியதைச் சேர்த்து, அது ஒழுங்காக ஓடுகிறது என்று கண்ட பின்னரே பழையதை நீக்க வேண்டும்.

இனி பிரதி எடுத்துவைத்தல், அதாவது பெக்கப். 2017 ஜனவரி 31 இரவு 'கிட்லெப்' என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர், துணைச் சேர்வரில் அழிப்பதாக எண்ணிப் பிரதான சேர்வரில் தரவுகளை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு வினாடிகளில் நிறுத்தியும் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 மாத்திரமே எஞ்சியது. பாதுகாப்புக்கென்று ஐந்து வழிகள் இருந்தும் ஒன்றுகூட நம்பத்தக்கதாக இருக்கவில்லை. பிரதியெடுக்கும் மென்பொருளின் பதிப்புப் பொருந்தாததால் பெக்கப் தோல்வியடைந்துகொண்டிருந்தது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் எவருக்கும் தெரியவரவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணித்தியாலங்களுக்கு முன் எடுத்த பிரதியே தற்செயலாகக் கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் பதிவானவை திரும்பக் கிடைக்கவில்லை.

அந்நிறுவனம் நடந்ததை மறைக்காது பகிரங்கமாக வெளியிட்டது. அது சொல்லும் பாடம் ஒன்றே: மீட்டுப் பார்க்காத பெக்கப்பை பெக்கப் என்று நம்பக்கூடாது.

ஆகவே, உங்களுக்கு மென்பொருள் தருபவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கடைசியாக என்ன மாற்றம், எத்திகதியில், யாரால் செய்யப்பட்டது? அது முதலில் எங்கே சோதிக்கப்பட்டது? பிழைத்தால் திரும்பும் வழி என்ன? பெக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தது எப்போது?

கடைசிக் கேள்விக்குத் திகதியுடன் பதில் வராவிட்டால், வரும் விடுமுறை நாளில் அவரை வரவழைத்து உங்கள் கண்முன்னே மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதல் நாள் மொத்த விற்பனையும் பெரிய கடன்காரர் பத்துப் பேரின் பாக்கியும் சரியாக வந்தால் நிம்மதியாகக் கடையைத் திறக்கலாம். வராவிட்டாலும் இலாபமே, இழக்குமுன் தெரிந்துகொண்டீர்கள்.