பழவேற்காட்டுப் பழங்கட்டடங்களின் ஒளிப்பட ஆவணம்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே அமைந்த மீனவ ஊர். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் உள்ளது. ஒல்லாந்தர் கல்லறைகள், செம்புரைக்கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில், பள்ளிவாசல்கள், திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் எனப் பல காலத்துக் கட்டடங்கள் இங்கு அருகருகே காணப்படுகின்றன. சட்டப் பாதுகாப்பு இல்லாத கட்டடம் இடிக்கப்பட்டால், அது இருந்ததற்குப் பெரும்பாலும் ஒளிப்படமே சான்றாகிறது.

வரலாற்றுப் பின்னணி

ஒல்லாந்தர் 1613இல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். அவர்களுடைய சோழமண்டலக் கரை வணிகத்துக்கு 1690 வரை இதுவே தலைமையிடம்; பின்னர் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. இங்கிருந்து ஏற்றுமதியான துணியின் நினைவாகவே மலாய் மக்கள் கட்டும் கைலிக்கு இன்றும் 'காயின் பெலிக்காட்' என்று பெயர்.

கோட்டையில் இன்று எஞ்சியிருப்பவை அகழியும், புதர் மண்டிய மேடுமே. கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரே 1897இல் வெளியிட்ட, சென்னை மாகாணத்து ஒல்லாந்தர் நினைவுச்சின்னங்கள் பற்றிய நூலில் இக்கல்லறைகளும் இடம்பெற்றன. இத்தகைய பழைய படங்களில் உள்ள அதே கோணத்தில் இன்று மீண்டும் படமெடுத்து ஒப்பிட்டால், எந்தக் கல் சாய்ந்தது, எந்த எழுத்து தேய்ந்தது என்பது தெரியும்.

மாற்றமும் இழப்பும்

ஊருக்குத் தெற்கே கடற்கரை தொழிற்பகுதியாகிவிட்டது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், 2013 வாக்கில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயல்படத் தொடங்கின. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கியது. அதன் விரிவாக்கத் திட்டத்தைக் கரை அரிப்பையும் வாழ்வாதாரத்தையும் காரணம் காட்டிப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருகின்றனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரக் குப்பங்களில் ஓலைக்கூரை வீடுகள் பல கான்கிரீட் வீடுகளாயின. மழைக்கு ஒழுகும் வீட்டை மாற்றிக்கொள்வதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பனை மரச் சட்டம், சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு ஆகியவற்றைக் கையாண்ட முறையும் அந்த வீடுகளோடு மறைகிறது.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை உண்டு; அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. திண்ணை வீட்டுக்கு இந்தக் காவல் கிடையாது. பயணிகள் எடுக்கும் படங்களில் பெரும்பாலும் கல்லறை வாயிலும் படகுகளுமே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆவணத்துக்கு அதிகம் தேவைப்படுவது அடுத்த தெருவிலுள்ள வீடுதான்.

படமெடுக்கும் முறை

கல்வெட்டை உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்து தட்டையாகிவிடும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது எழுத்தின் விளிம்பு நிழல் காட்டும். எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பதோ எண்ணெய் பூசுவதோ கல்லைக் கெடுக்கும். வீட்டின் முகப்புக்கு நேர் எதிரே நின்று, கேமராவைச் சாய்க்காமல் எடுக்க வேண்டும். இல்லையெனில் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்ததுபோல் தெரியும். அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து ஒரு படம் எடுப்பது நல்லது. கதவு நிலை, தூண், கூரையின் உட்புறம், சுவர் உடைந்து உள்ளிருக்கும் செங்கல் தெரியும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியே எடுக்கலாம். முப்பரிமாண மாதிரி உருவாக்குவதாக இருந்தால், ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியைக் கொண்டிருக்க வேண்டும்.

வீட்டாரிடமும் வழிபாட்டிடப் பொறுப்பாளரிடமும் முன்பே அனுமதி பெறுவது அவசியம். இதே ஏரிப் பகுதியில்தான் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் உள்ளது. எனவே ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வான்வெளி வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாள், இடம், கேமரா நோக்கிய திசை ஆகிய மூன்றும் குறிக்கப்படாத படத்தைப் பின்னாளில் ஒப்பிடுவது கடினம். அந்த வீட்டைத் தெருவார் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கட்டடம் போன பிறகும் அந்தப் பெயரே இடத்துக்கு வழங்குவதுண்டு.