இயந்திரம் உறிஞ்சும், கட்டுத்தான் ஆற்றும்

கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, கறுத்துத் தடித்த தோலின் நடுவே ஒரு புண். மாதக்கணக்கில் மருந்து கட்டியும் ஆறாத இத்தகைய புண்ணுக்குப் பெரிய வைத்தியசாலைகளில் ‘வாக்’ கட்டுப் போடுகிறார்கள். செத்த சதையை வெட்டியெடுத்து, புண்ணின் வடிவத்துக்கே நறுக்கிய ஸ்பொஞ்சை உள்ளே பதித்து, மேலே காற்றுப் புகாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அதில் துளையிட்டுக் குழாயைப் பொருத்துவார்கள். சுவிட்சைப் போட்டதும் உப்பியிருந்த ஸ்பொஞ் வற்றல்போல் சுருங்கி இறுகும். கசிநீர் குழாய் வழியே டப்பாவில் சேரும். அமெரிக்காவின் வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்ஜென்டாவும் மொரிக்வாஸும் 1997இல் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பிறகே இது உலகெங்கும் பரவியது. அவர்கள் சொன்ன 125 மில்லிமீற்றர் பாதரச உறிஞ்சல்தான் இன்றும் வழக்கமான அளவு. இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மக்களுக்கு இந்த இயந்திரம் வேண்டுமா என்றால், வேண்டும்தான். ஆனால் இறுக்கிச் சுற்றும் பண்டேஜ் தோட்ட டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்த பிறகு.

இந்த வரிசைக்குக் காரணம் நோயிலேயே இருக்கிறது. காலில் ஆறாத புண்களில் பெரும்பாலானவை நாளக் கோளாறால் வருபவை. இரத்தத்தை மேலே ஏற்றிவிடும் நாளங்களின் வால்வுகள் பழுதானால் அது கணுக்காலில் தேங்கும்; தோல் ஊறி உடையும். இயந்திரம் கசிவை இழுக்குமே தவிர வால்வைத் திருத்தாது. கழற்றிய மறுநாளே இரத்தம் பழையபடி தேங்கும். ஆதாரமும் இதையே காட்டுகிறது. 2006இல் நெதர்லாந்தில் வைத்தியசாலையில் தங்கியிருந்த 60 பேரிடம் நடந்த ஆய்வில், தோல் ஒட்டுவதற்குப் புண்ணைத் தயார்ப்படுத்த வழமையான கட்டுக்கு 17 நாள், இயந்திரத்துக்கு 7 நாள். முழுதும் ஆற 45 நாளுக்குப் பதில் 29 நாள். நல்ல லாபம்தான். ஆனால் 2015இல் காலில் ஆறாத புண் குறித்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்த கொக்ரேன் குழுவுக்குத் தேறியது இந்த ஒன்று மட்டுமே. தோல் ஒட்டாமல் இயந்திரத்தை மட்டுமே நம்பலாம் என்பதற்குச் சான்று இல்லை. மாறாக, பிரித்தானியாவில் 450 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பழுதான நாளத்தை முன்கூட்டியே அடைத்தவர்களுக்குப் புண் 56 நாளில் ஆறியது, மற்றவர்களுக்கு 82 நாள். இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது, தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளும் இறுக்குக் கட்டு.

‘கொழும்பில் இயந்திரம், லயத்தில் துணிச்சுருளா?’ என்று கேட்கலாம். இருநூறு வருடமாகக் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்ட மக்கள் கேட்கும்போது அதைத் தட்டிவிட முடியாது. ஆனால் செல்வந்த நாடுகளிலும் முதல் மருந்து இறுக்குக் கட்டுத்தான். அதைத் தராமல் இயந்திரத்தைத் தருவதே பாரபட்சம். இயந்திரத்தை வீட்டுக்குக் கொடுக்கலாமே என்ற யோசனையில் ஆபத்தும் உண்டு. உறிஞ்சல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஸ்பொஞ்சை எடுத்துவிட வேண்டும். 2022 மார்ச்சில் இந்த நாட்டில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டது. எல்லாப் பற்றரியும் அவ்வளவு நேரம் தாங்காது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009இல் எச்சரித்தபோது இரண்டு ஆண்டுகளில் 6 மரணங்களைக் கணக்குக் காட்டியது. இரத்தக் கசிவே பெரிய ஆபத்து. பெரும்பாலான மரணங்கள் வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ நேர்ந்தவை.

ஆகவே இயந்திரத்தின் இடம் வார்டு. இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட 150 கட்டில் டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற இடத்தில் ஓரிரு வாரம் வைத்து, தோல் ஒட்டி அனுப்பலாம். வெளிநோயாளியாக என்றால், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்பொஞ் மாற்ற மலையிறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது; அத்தகைய சம்பளத்தில் வாரத்துக்கு மூன்று பேர் என்பது பாதி உலை. கட்டுக்கோ டிஸ்பென்சரி போதும். அதற்கும் ஒரு நிபந்தனை: கட்டுவதற்கு முன் டொப்ளர் கருவியால் பாதத்தின் நாடியைப் பார்த்தாக வேண்டும். சீனி வியாதியாலோ புகைத்தலாலோ நாடி அடைபட்ட காலை இறுக்கினால் விரல்களே கறுத்துவிடும். பிறகு விரலடியில் தொடங்கி முழங்கால் வரை, ஒரு சுற்றின் பாதியை அடுத்தது மூடும்படி, அழுத்தம் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கும்படி சுற்ற வேண்டும். இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு ஈரத்தில் கொழுந்து பறித்தால் பண்டேஜ் நனைந்து ஊறும், அட்டையும் ஏறும். அந்த வாரங்களுக்கு உலர்ந்த இடத்தில் இலேசான வேலை கிடைக்காவிட்டால் டிஸ்பென்சரியின் உழைப்பு வீண். ஆறிய பிறகும் இறுக்குக் காலுறை போட வேண்டும். இழுவை தளர்ந்துவிடுவதால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும். இயந்திரத்துக்கு எழுதும் மதிப்பீட்டில் பெரும்பாலும் விடுபடுவது அந்தக் காலுறைதான்.