சக்கரத்தில் கசியும் செல்வம்

எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் தேசமெங்கும் கூக்குரல் எழுகிறது. எழ வேண்டியதே. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்தே வந்து இறங்குகிறது. அதன் விலையை நிர்ணயிப்பதில் நமக்குள்ள அதிகாரம் மிகச் சொற்பம். ஆயினும், அரும்பாடுபட்டு வாங்கிய அந்த எண்ணெயை நாம் எவ்வாறு செலவிடுகிறோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வோர் அரியர். மோட்டார் வண்டியின் டயரும், வண்டிக்குடையவர் தம் மனம்போல் செய்துகொள்ளும் மாறுதல்களும் எண்ணெய்ச் செலவைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை. சிறு விஷயமென்று ஒதுக்கப்படும் இதனைக் குறித்தே இன்று எழுதத் துணிந்தோம்.

நாஞ்சில் நாட்டு வடசேரியை அறியாதார் யார்? அங்கே கோயில் நகை செய்யும் ஆசாரிமார் ஒரு குன்றிமணி எடைப் பொன்னையும் சிந்த விடார். பட்டறைத் தூசியையும் கூட்டி வைத்து, கழுவி, அதிலுள்ள பொன்னைப் பிரித்தெடுப்பர். அதே வடசேரியில் பஸ் நிலையமும் கனகமூலம் சந்தையும் இருக்கின்றன. திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் புறப்படும் பஸ்களும், காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றிவரும் லாரிகளும் வைகறை முதல் அங்கே நெருங்கி நிற்கின்றன. பட்டறையில் காணும் கருத்தில் நூறில் ஒரு பங்கு இவ்வண்டிகளின் சக்கரங்கள் மீது விழுமாயின், ஆண்டு முழுதும் மிச்சமாகும் பொருள் அற்பமாயிராது.

விஷயம் இதுதான். டயர் தரையில் படும் இடத்தில் பாரத்தால் அமுங்குகிறது; சுழன்று மேலே வந்ததும் நிமிர்கிறது. இவ்வாறு அமுங்கி நிமிர்வதற்குச் செலவாகும் சக்தியில் ஒரு பகுதி வெப்பமாகி வீணே போய்விடுகிறது. நெடுந்தூரம் ஓடிய பின் டயரைத் தொட்டுப் பார்ப்பவர் கையில் சுடுவது எண்ணெய் கொடுத்து வாங்கிய சூடே. சமதரையில் 10 டன் எடையுள்ள பஸ்ஸை உருட்டிச் செல்ல, சாமானிய டயராயின் சுமார் 100 கிலோ எடையைக் கிணற்றினின்று தூக்குவதற்குரிய விசை இடைவிடாது வேண்டும். உருளுந் தடை குறைந்த நல்ல டயராயின் 70 கிலோவுக்குரிய விசையே போதும். கனரக வண்டிகள் நெடுஞ்சாலையில் செலவிடும் எண்ணெயில் ஏறக்குறைய 3இல் 1 பங்கு இத்தடையை வெல்வதற்கே போகிறது. எனவே தடையை 10 சதவீதம் குறைத்தால் எண்ணெய்ச் செலவு சுமார் 3 சதவீதம் குறையும்.

இனி, டயருக்குள் இருக்கும் காற்றைக் கவனிப்போம். காற்று குறைந்தால் டயர் அதிகம் அமுங்குகிறது, தடை வளர்கிறது. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் குறைந்தால் கார்களில் எண்ணெய்ச் செலவு சுமார் 0.2 சதவீதம் கூடுவதாக அமெரிக்க எரிசக்தி இலாகா கணக்கிட்டிருக்கிறது. 30 பவுண்டு வேண்டிய இடத்தில் 24 இருக்குமாயின், 100 லிட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் நஷ்டம். "இவ்வளவுதானா?" என்று சிலர் நகைக்கலாம். ஒருவருக்கு ஒரு லிட்டர் அற்பந்தான். ஒரு ஜில்லாவுக்கு அது அற்பமன்று. மேலும், காற்றுக் குறைந்த டயர் ஓரங்களில் தேய்ந்து ஆயுளை இழக்கிறது. கோடை வெயிலில் சூடேறி வெடித்து மனிதரின் ஆயுளையும் குறைக்கிறது.

டயருக்கு உள்ளிருக்கும் காற்றைப் போலவே வெளியிலுள்ள காற்றுக்கும் கணக்குண்டு. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் மேல்காற்றின் வேகத்தை முப்பந்தல் காற்றாலைகள் உலகுக்குப் பறைசாற்றுகின்றன. வடசேரியினின்று திருநெல்வேலி செல்லும் வண்டிக்கு அது துணை. திரும்பி வரும் வண்டிக்கு அதுவே பகை. இயற்கைக் காற்று வீசாத நாளிலும் வண்டி தன் வேகத்தாலேயே எதிர்காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் சென்றவர் 80இல் சென்றால் காற்றின் தடை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிறது. காரின் கூரைமேல் பெரிய பெட்டியொன்றைக் கட்டிச் சென்றால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை எண்ணெய் அதிகம் செலவாகும். சுமையை இறக்கிய பின்னும் வெறுஞ் சட்டத்தைக் கூரையில் சுமந்து திரிவோர், காற்றுக்கு வரி செலுத்துவோரே.

இப்பொழுது வாலிபரிடையே ஒரு மோகம் பரவியிருக்கிறது. புதுவண்டி வாங்கிய மாதமே அதன் டயரைக் கழற்றி அகன்ற டயர் மாட்டுவதும், முன்னே இரும்புக் கம்பிச் சட்டம் பூட்டுவதும் அழகென்று கருதப்படுகின்றன. எடை கூடுகிறது, காற்றுத் தடை கூடுகிறது, எண்ணெய் குறைகிறது. இதில் மற்றொரு மயக்கமும் உண்டு. சுற்றளவு பெரிய டயரை மாட்டினால் வண்டியிலுள்ள மானி, ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும். சிறியதை மாட்டினால் கூட்டிக் காட்டும். பிந்திய வகையார் "லிட்டருக்கு இவ்வளவு கொடுக்கிறது" என்று மார்தட்டுவது, மரக்காலைச் சிறிதாக்கிவிட்டு விளைச்சல் பெருகிற்று என்பதற்கு ஒப்பாகும். முந்திய வகையாரோ, மானி காட்டுவதினும் விரைவாகச் செல்வதை அறியாமலே செல்கின்றனர்.

சட்டமும் இதனை ஆதரிக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களினின்று பதிவுச் சான்றிலுள்ளவை மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை வலியுறுத்தியது. முன்புறக் கம்பிச் சட்டங்களை அகற்றும்படி 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் மாகாணங்களுக்கு எழுதிற்று. எண்ணெயை மிச்சப்படுத்துவதாகக் கூறி விற்கப்படும் காந்தங்களையும் கருவிகளையும் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா இத்தகைய 100க்கு மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்து, மிகச் சிலவே சிறிதளவேனும் பயன் தருவன என்று கண்டது. ஏமாறுவோர் உள்ளவரை விற்போரும் இருப்பர்.

இப்பிரச்சினை நம் நாட்டுக்குப் புதிதன்று. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1938 பிப்ரவரியில் சர்க்கார் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியபோது, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையிலேயே அப்பஸ்கள் முதன்முதல் ஓடின. அடுத்த ஆண்டு மூண்ட மகாயுத்தம் பெட்ரோலுக்குப் பங்கீடு கொண்டுவந்தது. பஸ்களின் பின்னே கரி அடுப்பு பூட்டிக் கரிவாயுவில் ஓட்டினர். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளியதைப் பெரியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1942இல் மலேயா ஜப்பானியர் வசமானதும் ரப்பருக்கே பஞ்சம் வந்தது. கடலெனப் பெட்ரோல் வைத்திருந்த அமெரிக்காவும், டயர் தேயாதிருக்கும் பொருட்டு வேகத்தை மணிக்கு 35 மைலென்று கட்டுப்படுத்தியது. அன்று நெருக்கடி கற்பித்த சிக்கனத்தை இன்று அறிவு கற்பிக்கலாகாதா?

ரப்பர் நமக்கு அந்நியமன்று என்பதையும் நினைவுகூர்வோம். கீரிப்பாறை மலைச்சரிவுகளில் வைகறையில் பால் வெட்டும் தொழிலாளரின் உழைப்பே டயராகிறது. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு 1984இல் அரசு ரப்பர் கழகம் ஏற்பட்டது. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் ஏற்றி மீண்டும் ஓட்டுகின்றன. லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் பஸ்களை ஓட்டி, எண்ணெய்ச் சிக்கனத்தில் பாரதத்திலேயே முன்வரிசையில் நிற்கின்றன. சாமானிய ஓட்டுநரும் பணிமனைத் தொழிலாளரும் சம்பாதித்த பெருமை இது. தனி வண்டிக்காரர் பின்தங்குவானேன்?

ஆனால் ஒரு எச்சரிக்கை. சிக்கனமென்ற பெயரால் பிராணனைப் பணயம் வைத்தலாகாது. தேய்ந்த டயர் புதிதைவிட எளிதாய் உருளும் என்பது வாஸ்தவமே. ஆயினும் மழைநீரை வெளியேற்றும் பள்ளம் அதில் இல்லை. இரு பருவமழையும் பெறும் குமரி ஜில்லாவில் மொட்டை டயர் ஓட்டுவது எமனுக்கு ஓலை விடுவதாகும். கார்களுக்கும் பெரிய வண்டிகளுக்கும் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாதென்பது விதி. குறித்த அளவுக்கு மேல் காற்றை அடைப்பதும் அதே தவறு. மத்திய சர்க்கார் டயர்களுக்கு அளிக்கத் தொடங்கியுள்ள நட்சத்திரக் குறியைப் பார்த்து வாங்குவோர், ஈரத் தரையில் பிடிமானம் எத்தகையது என்றும் கேட்டறிந்தே வாங்குக.

செய்ய வேண்டுவது யாது? வாரத்துக்கொரு முறை, வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் காற்றை அளந்து பார்க்க வேண்டும். வேண்டிய அளவு வண்டியின் கதவோரத்திலோ கைப்புத்தகத்திலோ அச்சிடப்பட்டிருக்கிறது. இலவசமாகக் காற்று அடித்துத் தருவது பெட்ரோல் நிலையங்களின் கடமை, அது சலுகையன்று. மானி பழுதென்றும் ஆளில்லையென்றும் கூறும் இடங்களில் பொதுஜன ஊழியர்கள் வாளாவிருத்தல் தகாது. கேட்டுப் பெற வேண்டும். வடசேரி பஸ் நிலையத்திலும் சந்தையிலும் பழுதற்ற காற்று மானி ஒன்றேனும் எந்நேரமும் கிடைக்க நாகர்கோவில் மாநகராட்சி ஏற்பாடு செய்யுமாயின், செலவு சொற்பம், பலனோ பெரிது. அந்நிய எண்ணெயின் விலையைக் குறைக்கும் சக்தி நம் கையில் இல்லை. அதன் செலவைக் குறைக்கும் சக்தி இருக்கிறது. அதனைப் பயன்படுத்தாதவர் விலைவாசியைக் குறித்து முழங்கும் முழக்கத்துக்குப் பாதி வலிமையே உண்டு.