பதினேழு வயதில் கல்லூரி: பொறுப்பு யாருடையது?

தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது வழக்கம். இடையில் ஒரு வருடமும் வீணாகாமல் படித்து வந்தால், பிளஸ் டூ தேர்வு எழுதும்போது அந்தப் பிள்ளைக்கு வயது 16 அல்லது 17. கவுன்சலிங் முடிந்து கல்லூரியில் சேரும் நாளில் 17. தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவர்கள், நீட் பயிற்சிக்காக ஒரு வருடம் உட்கார்ந்தவர்கள் போக, முதலாண்டு வகுப்பில் இருப்பவர்களில் கணிசமானோர் சட்டப்படி இன்னும் மைனர்கள். மருத்துவப் படிப்பில் சேர, சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 நிறைந்தால் போதும் என்பது நீட் விதி. ஆகவே 16 வயதிலேயே உடற்கூறியல் கூடத்துக்குள் போகிற மாணவரும் உண்டு.

பல்கலைக்கழகத்தில் மைனர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அபூர்வக் குழந்தைகள்தான். ரூத் லாரன்ஸ் என்ற சிறுமி 1983இல், 12 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். வகுப்புகளுக்கு அப்பா கூடவே வந்தார். இப்படிப்பட்ட பிள்ளை ஒருவர் வந்தால் எந்த நிறுவனமும் விழித்துக்கொள்ளும், தனி ஏற்பாடு செய்யும். தனி ஏற்பாடு எதுவும் இல்லாமல் விடப்படுபவர்கள் சாதாரணமான பதினேழு வயதுக்காரர்கள். ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், ஆனால் மைனர்களாக யார் கண்ணிலும் படுவதில்லை. சேர்க்கை விண்ணப்பத்தில் பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பி வாங்கும் அலுவலகம், சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. இந்த மாணவருக்கு இன்னும் பதினெட்டு நிறையவில்லை, அதனால் நமக்கு என்னென்ன கடமை சேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நம் கல்லூரிகளில் நடப்பது தலைகீழாக இருக்கிறது. ஹாஸ்டலுக்குத் திரும்பும் நேரம், கைபேசி, உடை, யாரோடு பேசலாம் என்பதிலெல்லாம் மாணவர் சின்னப்பிள்ளை. அவருக்கு ஒரு கெடுதல் நேர்ந்து புகார் என்று வந்துவிட்டால், 'காலேஜ் படிக்கிற வயசு, பார்த்து நடந்திருக்க வேண்டாமா' என்று அதே மாணவரை வளர்ந்தவராக்கிவிடுகிறார்கள். சட்டம் இதற்கு நேர் எதிராக நினைக்கிறது.

கையெழுத்து செல்லாது

முதலில் எளிய விஷயம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியற்றவர். அப்படிச் செய்யப்பட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் மொஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இன்றுவரை அதுதான் நிலை. எனவே விடுதி உடன்படிக்கை, 'பாதியில் விலகினால் முழுக் கட்டணமும் கட்டுகிறேன்' என்ற உறுதிமொழி போன்றவற்றில் 17 வயது மாணவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கி வைத்தால் அந்தத் தாளைக் கொண்டு அவரைக் கட்டுப்படுத்த முடியாது. வங்கிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மைனர் மாணவருக்குக் கல்விக் கடன் என்றால் பெற்றோரிடம் ஆவணங்களில் கையெழுத்து வாங்குவார்கள். மாணவருக்கு 18 நிறைந்ததும் அவரிடம் ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் வாங்கிக்கொள்வார்கள். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் வயதை இவ்வளவு துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்த நமக்கு, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தத் துல்லியம் வராமல் போவது வருத்தமானது.

போக்சோ கல்லூரி வாசலில் நிற்பதில்லை

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கான சட்டம் அது என்ற எண்ணம் கல்லூரிப் பேராசிரியர்களிடம்கூட இருக்கிறது. சட்டம் பள்ளி, கல்லூரி என்று பார்ப்பதில்லை. 18 வயது நிறையாத எவரும் குழந்தை. ஆணும் பெண்ணும் இதில் ஒன்றே. முதலாண்டு பி.காம். மாணவியும், பொறியியல் சேர்ந்து மூன்று மாதமான மாணவரும் இதற்குள் வருவார்கள்.

இதனால் கல்லூரிக்கு வரும் கடமை கடுமையானது. ஒரு குழந்தைக்கு எதிராக இத்தகைய குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல் துறையிடமோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிடமோ தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழே பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவரே மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. குற்றம் செய்தவர் அந்தக் கல்வி நிறுவனத்தின் ஊழியராகவோ நிர்வாகத்தைச் சேர்ந்தவராகவோ இருந்தால் அது கடுமையான குற்றமாகக் கருதப்பட்டுத் தண்டனை கூடும். மிகக் கொடிய வடிவத்தில், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்சமே 20 ஆண்டு.

இங்கேதான் பல கல்லூரிகள் சறுக்குகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும். மேஜரான மாணவி அந்தக் குழுவிடம் போகலாம், காவல் நிலையத்துக்குப் போகலாம். எது வேண்டும் என்பது அவர் விருப்பம். மைனர் விஷயத்தில் அப்படி இல்லை. குழு உள்ளே விசாரிக்கலாம், துறை ரீதியான நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம். ஆனால் போலீசுக்குத் தகவல் போவது அந்த விசாரணையின் முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. 'கல்லூரிப் பெயர் கெடும்', 'பெண்ணின் எதிர்காலம் பாழாகும்' என்று சொல்லி எச்.ஓ.டி. அறையிலேயே பேசி முடிக்கிறார்களே, மாணவி மைனராக இருந்தால் அப்படிப் பேசி முடிப்பதே குற்றம். புகார் எழுதி வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது பிறந்த தேதியைத்தான்.

போலீஸ் என்றதும் பெற்றோர் நடுங்குவது இயல்பு. அந்த அச்சத்தை மனதில் வைத்தே சட்டம் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்யவேண்டும்; முடிந்தவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வரவேண்டும்; பெயரையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. இவற்றைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு கல்லூரியிலும் இருந்தால், எத்தனையோ புகார்கள் பாதியில் திரும்பிப் போகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே வகுப்பில் படிக்கும் இருவர். ஒருவருக்கு ஆகஸ்டில் 18 நிறைந்துவிட்டது, மற்றவருக்கு மார்ச்சில்தான் நிறையும். இருவரும் காதலிக்கிறார்கள். போக்சோவில் மைனரின் சம்மதத்துக்கு மதிப்பில்லை என்பதால், உறவு எல்லை கடந்தால் அந்த ஏழு மாத இடைவெளியில் ஒருவர் குற்றவாளியாகிவிடலாம். வீட்டில் பிடிக்காத காதல்களை முறிக்க இந்தச் சட்டம் பயன்படுத்தப்படுவதைச் சென்னை உயர் நீதிமன்றம் கவனித்திருக்கிறது. 2019இல் நீதிபதி வி.பார்த்திபன் வயது வரம்பை 16 ஆக்குவது பற்றி யோசிக்கச் சொன்னார். வளரிளம் பருவத்தினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று 2021இல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் சொன்னார். சட்ட ஆணையமோ 2023இல் அளித்த 283ஆவது அறிக்கையில் வயதைக் குறைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஆக, சட்டம் மாறவில்லை. முதலாண்டு அறிமுக வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதை மாணவர்களிடம் நேராகப் பேசவேண்டும். கூச்சப்பட்டு விட்டுவிட்டால், சட்டத்தை அவர்கள் காவல் நிலையத்தில் தெரிந்துகொள்ள நேரும்.

ராகிங், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி

ராகிங் விஷயத்தில் தமிழ்நாடு பெருவிலை கொடுத்துப் பாடம் கற்றது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். அதன் பின் வந்த 1997ஆம் ஆண்டுச் சட்டம் ராகிங்குக்கு 2 ஆண்டு வரை சிறையும், 10,000 ரூபாய் வரை அபராதமும் விதித்தது. 2009இல் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் இறந்த பிறகு மானியக் குழு நாடு முழுவதற்குமான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் பதிய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. புதியவர்களைத் தனிப் பகுதியில் தங்கவைக்கவும் அவை சொல்கின்றன. மைனர் பாதுகாப்புக்கென்று எழுதப்பட்ட விதி இல்லை இது. ஆனால் புதியவர்களில் பலர் மைனர்கள் என்பதால் அந்த வேலையையும் இது செய்கிறது. அறை பற்றாக்குறையைக் காரணம் காட்டி இதைத் தளர்த்தும் இடங்களில் பெற்றோர் விடாமல் கேட்கவேண்டும்.

கல்லூரி விடுதி கிடைக்காதவர்கள் தனியார் விடுதிக்குப் போகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் அப்படி ஒரு விடுதி நடத்தக் கூடாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் பெற்றோர் மிகக் குறைவு. சாப்பாடு எப்படி, வைஃபை உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம்.

ஊழியர்களின் பின்னணிச் சோதனையையும் சொல்லவேண்டும். குழந்தைகளைத் தங்கவைக்கும் அல்லது அவர்களோடு அடிக்கடி பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர்களைப் போலீஸ் மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள். பள்ளி, விளையாட்டுப் பயிற்சிக் கழகம் போன்றவற்றை அவை பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன; கல்லூரி என்று தனியாகச் சொல்லவில்லை. ஆனாலும் நூறு மைனர்கள் தூங்கும் விடுதி, குழந்தைகளைத் தங்கவைக்கும் இடம் இல்லை என்று எப்படி வாதாட முடியும்? வார்டன், காவலாளி, சமையல் ஊழியர், பேருந்து ஓட்டுநர் எல்லோருக்கும் இந்தச் சோதனையைக் கல்லூரி தானாகவே செய்துவிடுவதுதான் முறை.

உடல்நலம். நள்ளிரவில் குடல்வால் வலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அறுவை சிகிச்சைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் கேட்பார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் நல்லெண்ணத்தோடு சம்மதமின்றிச் செய்யும் சிகிச்சைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அவ்வளவு அவசரமில்லாத நேரத்தில்தான் தடுமாற்றம் வருகிறது. தூத்துக்குடியில் இருக்கும் அப்பா கோயம்புத்தூருக்கு வந்து சேரும்வரை யார் பேசுவது? சேர்க்கையின்போதே உள்ளூர்க் கார்டியன் ஒருவரின் பெயர், எண், பெற்றோர் எழுதித் தந்த அனுமதிக் கடிதம், பிள்ளைக்கு ஒவ்வாத மருந்துகளின் விவரம் ஆகியவற்றை வாங்கி வைத்தால் அந்த இரவு எளிதாகும். ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட்) என்று வெளியூர் அழைத்துப் போகும்போதும் இதே கோப்பு கூடவே போகவேண்டும்.

பிரிட்டனில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதில் பயன் உண்டு; நம் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். 18 நிறையாதவர் மாணவர் விசா கேட்டால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். 'நாங்கள் பெற்றோர் ஸ்தானத்தில் இல்லை' என்று அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே எழுதிவிடுகின்றன. ஆனால் அதோடு கைகழுவுவதில்லை. மைனர் மாணவர்களுக்கென்று தனிக் கொள்கையும், பொறுப்பான அலுவலர் ஒருவரின் பெயரும் இருக்கும். பொறுப்பில் இருக்கும் ஆசிரியர், தன் பராமரிப்பில் படிக்கும் 18 வயது நிறையாதவரோடு பாலியல் உறவு கொள்வது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குற்றம், மாணவரின் சம்மதம் இருந்தாலும். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்த கொள்கை ஒன்று நம் பல்கலைக்கழகங்களுக்கும் வேண்டும்.

காவலா, கண்காணிப்பா?

'மைனர் பாதுகாப்பு' என்ற பெயரில் பெண்களின் விடுதிக் கதவை இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகப் பூட்டிவிடக் கூடும் என்ற கவலை எனக்கு உண்டு. அப்படி நடக்கக் கூடாது என்பதற்கு எழுதப்பட்ட விதியே இருக்கிறது: பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதியில் இல்லாத பாகுபாடான கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் சொல்கின்றன. கேரளத்தில் விடுதியில் கைபேசிக்கு விதித்த தடையை எதிர்த்து ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது அடிப்படை உரிமையின் பகுதி என்று 2019இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கும் ஆளால் வரும் கெடுதலைப் பூட்டு தடுக்காது. பயமின்றிப் புகார் சொல்ல ஓர் ஆள் இருப்பதும், சொன்னபின் மதிப்பெண்ணில் கை வைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையும்தான் தடுக்கும். ஆசிரியர் மாணவருக்குத் தனியாக இரவில் வாட்ஸ்அப் அனுப்பாமல் வகுப்புக் குழுவிலேயே தகவல் சொல்வது என்ற ஒரு விதி, பத்து மணிக் கதவைவிட அதிகம் காக்கும்.

பதினெட்டு நிறையும் நாளில் நிலைமை மாறுகிறது. அதுவரை பெற்றோரிடம் கேட்டு முடிவெடுத்த விஷயங்களில் அதன்பின் மாணவரிடமே கேட்கவேண்டும். சிகிச்சைக்குச் சம்மதம், மனநல ஆலோசகரிடம் பேசிய ரகசியம் எல்லாம் அவருடையவை. இதைப் பெற்றோர் பலர் ஏற்பதில்லை, கல்லூரிகளும் ஏற்பதில்லை. முதலாண்டின் நடுவில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தேதியில் வரும் மாற்றம் என்பதால், பிறந்த தேதியை வைத்து ஒரு பட்டியல் தயாரித்து மாதாமாதம் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கணினியில் இது பத்து நிமிட வேலை.

வரும் சேர்க்கையில் கட்டணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் கேட்கலாம்: மைனர் மாணவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார், அவர் எண் என்ன? உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? முதலாண்டு மாணவர்கள் தனியாகத் தங்குகிறார்களா? இரவில் உடம்புக்கு முடியாவிட்டால் எந்த மருத்துவமனை, யார் கூடப் போவார்கள்? பிள்ளையின் கைபேசியில் பதிந்து கொடுக்க வேண்டிய எண்கள் மூன்று: குழந்தைகள் உதவி எண் 1098, ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, மனநல ஆலோசனைக்கு 14416.