காந்தாரம் ஆடுது, கேளுங்க!

இந்தப் பாட்டை உலகத்தில் இதுவரை கேட்டிருப்பவர்கள் ஐந்தே பேர். அதில் ஐந்தாவது ஆள் நான்!

மெட்டுப் போட்டவர் பாளையங்கோட்டை அக்கா. பகலில் கூட்டுறவு வங்கியில் கணக்கு, இரவு பிள்ளைகள் தூங்கியபிறகு இசை. மற்ற மூவரும் யாழ்ப்பாணம், சிங்கப்பூர், கோயம்புத்தூர் என்று ஆளுக்கொரு திசை. இணைய வகுப்பு ஒன்றில் பழக்கமானவர்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனாலும் அக்காவின் எந்தப் பாட்டும் அந்த மூன்று பேர் காதைத் தாண்டாமல் வெளியே போகாது. தாண்டும்போது என்னவெல்லாம் நடக்கிறது என்று பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. சும்மா இருப்பேனா?

முதலில் ஸ்டூடியோவைக் காட்டிவிடுகிறேன். படுக்கையறை மூலையில் ஒரு மேசை. மேலே மடிக்கணினி, 25 கட்டைகள் மட்டுமே உள்ள சின்ன மிடி கீபோர்டு, புத்தகம் அளவில் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன். மென்பொருள் ரீப்பர், தனிநபர் உரிமம் 60 டாலர்தான். குரல் பதிவு எங்கே? பீரோவில்! இரண்டு கதவையும் அகலத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தி, மின்விசிறியை அணைத்துவிட்டுப் பாடுகிறார். "துணி எதிரொலியைக் குடிச்சிரும்மா," என்கிறார். கல்யாணப் பட்டு முதல் தினசரிச் சேலை வரைக்கும் அத்தனையும் எதிரொலி உறிஞ்சி.

பாட்டு தோடியில். ஒரு கட்டை சுருதி, ஆதி தாளம். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், பின்னால் வயலின் கூட்டம். வரிகள் இன்னும் வரவில்லை, தத்தகாரம்தான் ஓடுகிறது. நாதஸ்வரமும் தவிலும் கணினிக்குள் இருக்கும் மாதிரி ஒலிகள், அக்காவின் விரல்கள் கீபோர்டில். தோடியை நாதஸ்வரத்தில் வைக்கவே ஒரு துணிச்சல் வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தன் பெயரையே எழுதி வைத்துவிட்டுப் போன ராகம் அல்லவா!

அனுப்பும்போது அக்கா "எப்படி இருக்கு?" என்று கேட்பதே இல்லை. அப்படிக் கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர் கேட்கும் கேள்வியே வேறு: "எந்த இடத்துல உங்க கவனம் போச்சு? நிமிஷம், நொடி போட்டுச் சொல்லுங்க." இந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குக் கைதட்டத் தோன்றியது. பாராட்டுக்குக் காத்திருப்பவர் கேட்கிற கேள்வியா இது? பாட்டைச் சரிசெய்ய உட்கார்ந்திருப்பவர் கேட்கிறது.

இரவு ஒன்பதரை. சிங்கப்பூரில் அப்போது நடுநிசி. முதல் குரல் செய்தி வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து. தவில் குடும்பத்துப் பிள்ளை அவர். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, மெட்டு நல்லா வந்திருக்கு. ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. நாற்பதாவது செக்கன்ல காந்தாரம் நட்ட கம்பு மாதிரி நிக்குது. தோடியில காந்தாரம் ஆடாட்டி அது தோடியே இல்லை."

அக்கா முகத்தைப் பார்க்கவேண்டுமே! சிரிப்பு காதுவரை. "பிடிச்சுட்டான் பாத்தியா!"

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் படபடப்பாக இருக்கிறது. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுரம், அசையாமல் வரும். தோடியின் காந்தாரமோ சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கவேண்டிய சுரம். அதற்கு மிடியில் 'பிட்ச் பெண்ட்' என்று ஒரு வழி உண்டு, அழுத்திய சுரத்தை மேலும் கீழும் வளைக்கலாம். பெரும்பாலான கருவிகளில் அந்த வளைவின் எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். இப்போது எண்ணிப் பாருங்கள். தோடியில் வரும் சாதாரண காந்தாரத்திலிருந்து இரண்டு அரைச்சுரம் மேலே போனால் சுத்த மத்யமம். இரண்டு கீழே வந்தால் சுத்த ரிஷபம். தோடியின் காந்தாரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல அப்படியே பொருந்துகிறது! 1983இல் மிடியைக் கொண்டுவந்தவர்கள் தோடியை நினைத்திருக்க வழியே இல்லை. நான் பாயிலிருந்து எழுந்தேவிட்டேன்.

அந்த எல்லைக்குள் மொத்தம் 16,384 படிகள். திரையின் அடிப்பகுதியில் அக்கா மவுஸால் கோடு வரைகிறார். மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, பிறகு மறுபடி மேலே, இந்தமுறை கொஞ்சம் மெதுவாக. ஒரே சீராக வரைந்தால் சைரன் மாதிரி ஊளையிடும், அதனால் ஒவ்வோர் அலையும் வேறு உயரம், வேறு நீளம். வரைவதற்கு முன் அவரே வாயால் அந்தக் காந்தாரத்தைப் பாடிப் பார்க்கிறார். தலை எப்படி ஆடுகிறதோ கோடும் அப்படியே போகிறது. ஒரே ஒரு சுரத்துக்கு முக்கால் மணி நேரம். பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டினார். அடடா! அதே கணினி, அதே மாதிரி ஒலி, ஆனால் இப்போது யாரோ மூச்சுப் பிடித்து ஊதுகிறார்கள்.

அதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்தே இரண்டாவது செய்தி. "தவிலைப் பாருங்கோ அக்கா. வலந்தலை ஒரு காதில, தொப்பி மற்றக் காதில கேக்குது. தவில் பத்தடி அகலமாப் போச்சு." தவிலின் வலந்தலையைக் கூடு மாட்டிய விரல்களால் வாசிப்பார்கள், தொப்பியைக் கழியால். இரண்டும் ஒரே ஆளின் மடியில் இருக்கும் ஒரே வாத்தியம். அக்கா இரண்டு பக்கமும் இழுத்துவைத்திருந்ததை நடுவுக்கு அருகே கொண்டுவந்தார். பத்தடித் தவில் சட்டென்று மடிக்கு வந்து உட்கார்ந்தது.

சிங்கப்பூர்த் தோழி ஆஸ்பத்திரி வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது கேட்டிருக்கிறார், முதலில் இயர்போனில், வீட்டுக்கு வந்ததும் ஃபோன் ஸ்பீக்கரில். அவருடைய குறிப்பு எழுத்தில் வந்தது: "ஃபோன்ல கீழ்ப் பேஸ் காணாமப் போயிடுச்சு." அந்தப் பேஸ் ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. சத்தத்தை ஏற்றினாலும் பயனில்லை. அக்கா செய்தது வேறு. அந்த ஒலியைக் கொஞ்சம் முறுக்கிவிட்டு 130, 195, 260 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகளை எழுப்பினார். ஸ்பீக்கருக்கு அவை எட்டும். அவற்றைக் கேட்ட காது, அடியில் 65 இருப்பதாகத் தானாகவே வைத்துக்கொள்கிறது! ஸ்பீக்கரில் இல்லாத ஒலியை நானும் கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன்.

கோயம்புத்தூரில் இருப்பவர் ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர். அவரிடமிருந்து ஒரே ஒரு வரி: "இரண்டாவது சரணத்துக்கு முன்னாடி மூச்சு விட இடம் கொடும்மா, பாடறவங்களும் மனுஷங்கதான்." அக்கா ஓர் ஆவர்த்தனத்தை வயலினுக்கு ஒதுக்கினார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கோப்பு வந்து இறங்கியது. நிஜத் தவில்! தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியைத் தந்த ஊர் அது, அந்தப் பிள்ளைக்குக் கணினித் தவிலோடு விட்டுவிட மனம் வரவில்லைபோல. காதில் அக்காவின் பாட்டை வைத்துக்கொண்டு தன் வீட்டிலேயே வாசித்துப் பதிவுசெய்திருக்கிறார். தொடக்கத்தில் நான்கு கைதட்டல், தாளத்தோடு பொருத்திக்கொள்ள. திரையில் அந்த நான்கு தட்டும் நான்கு ஊசிகளாகத் தெரிந்தன. முதல் ஊசியைப் பிடித்து இழுத்து, தாளக் கோட்டில் ஒட்டினார் அக்கா. மற்ற மூன்றும் தாமாகவே வந்து உட்கார்ந்தன.

போட்டுக் கேட்டோம். பல்லவி, சரணம், கடைசிப் பல்லவி. அக்காவின் வயலின்கள் முடிந்துவிட்டன, தவில் முடியவில்லை! யாரும் கேட்காத ஒரு தீர்மானத்தை, அதாவது முடிப்புக் கோர்வையை எடுத்து, அதையே மூன்று முறை வாசித்து, இரண்டு ஆவர்த்தனம் தள்ளிப் போய்ச் சமத்தில் இறங்கியிருக்கிறார் தம்பி. அக்கா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கடைசித் தட்டில் கையை ஓங்கி அறைந்தார். அடுத்த அறையில் பிள்ளை புரண்டு படுத்தது.

"இதை வெட்டலாமா அக்கா?" என்று கேட்டேன்.

"வெட்டுறதா? என் முடிவைத்தான் வெட்டணும்." வயலின்களின் கடைசி நான்கு வரிகளையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு, அந்தத் தீர்மானத்துக்கு அடியில் சுருதியை மட்டும் நீட்டிவிட்டார். உடனே மூவருக்கும் புதுக் கோப்பு கிளம்பியது, கூடவே கேள்வியும்: "மூணாவது தடவை வரும்போது நாதஸ்வரமும் சேரட்டுமா, தவில் தனியாவே போகட்டுமா?"

யாழ்ப்பாணத்திலிருந்து உடனே பதில்: "சேரட்டும் அக்கா. ஆனா காந்தாரத்தை மறந்திடாதேங்கோ!"