ஒரு தாலந்து உள்ளவரும் கொடுக்கலாம்

“பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் என்னால் யாருக்கு என்ன பயன்?” என்னும் கேள்வியை எங்கள் வார்டுகளில் அடிக்கடி கேட்கிறோம். நோயின் வேதனையைவிட இந்த எண்ணமே சிலரை அதிகமாக வாட்டுகிறது. கிறிஸ்தவ விசுவாசம் இதற்குத் தரும் விடையை இங்கு விளக்க விரும்புகிறோம்.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் தாலந்துகளின் உவமை உள்ளது. ஒரு தாலந்து பெற்றவன் கடிந்துகொள்ளப்பட்டது, குறைவாகப் பெற்றதற்காக அன்று. அச்சத்தால் அதை மண்ணில் புதைத்துவைத்ததற்காகவே. பசித்தோருக்கும் நோயுற்றோருக்கும் சிறையிலிருப்போருக்கும் செய்வது ஆண்டவருக்கே செய்வதாகும் என்று அதே அதிகாரத்தின் பிற்பகுதி போதிக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், வரங்கள் எதற்காக அளிக்கப்பட்டன என்பது விளங்கும்.

மருத்துவர் மேரி வர்கீஸின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1925இல் கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் சேதமுற்று, அவருடைய கால்கள் செயலிழந்தன. கைகளோ நலமாக இருந்தன. தொழுநோய் நரம்புகளைத் தாக்குவதால் விரல்கள் மடங்கிப்போகின்றன. நலமாக உள்ள தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தினால் அவை மீண்டும் இயங்கும். இந்த அறுவைச் சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைச் செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. இழந்ததை அவர் மறைக்கவில்லை, எஞ்சியதைப் புதைக்கவுமில்லை.

எல்லோரும் அறுவை மருத்துவர் ஆக வேண்டியதில்லை. நீரிழிவால் பாதத்தில் உணர்வு குன்றியவர் காயத்தின் வலியை அறியமாட்டார். பார்வையும் மங்கியிருந்தால் தம் பாதத்தைத் தாமே சோதிக்க இயலாது. சிவப்பு, கொப்புளம், வெடிப்பு உண்டா என்று நாள்தோறும் பார்த்துச் சொல்லும் இரு கண்கள், அவருடைய காலையே காக்கக்கூடும். எழுதப் படிக்கத் தெரிந்தவர், மருத்துவர் குறித்த மாத்திரை வேளைகளைப் பெரிய எழுத்தில் எழுதித் தரலாம். பொறுமையுள்ளவர், அடுத்த படுக்கைக்காரரின் அச்சத்தைக் குறுக்கிடாமல் கேட்கலாம். இவையும் தாலந்துகளே.

சில எச்சரிக்கைகளையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். உதவும் முன் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். கைகளைக் கழுவிய பின்னரே தொடுங்கள். மருந்தின் அளவை மாற்றுமாறு ஆலோசனை கூறாதீர்கள். காயத்தைக் கண்டால் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள். ஜெபிக்க விரும்பினால் அனுமதி பெறுங்கள். அவர் மறுத்தால் மதியுங்கள். உதவி எவ்விதத்திலும் விசுவாசத்திற்கான விலையாகிவிடக் கூடாது.

குடும்பத்தில் கவனிப்போருக்கு ஒரு வார்த்தை. உங்கள் உடல் வலிமையும் ஒப்படைக்கப்பட்ட ஒன்றே. அதைச் செலவழித்துத் தீர்த்துவிடாதீர்கள். இன்னொருவர் ஓர் இரவு விழித்திருக்க முன்வந்தால், மறுக்காமல் உறங்குங்கள். பெற்றுக்கொள்ளும் மனத்தாழ்மையால், கொடுக்க விரும்பும் ஒருவருக்கு நீங்கள் வழிதிறக்கிறீர்கள்.

இன்று உங்களிடம் எஞ்சியிருப்பது எது என்று எண்ணிப் பாருங்கள். அது சிறிதாயிருக்கலாம். அருகில் இருப்பவருக்கு அதுவே தேவையாயிருக்கலாம்.